அடுக்களைச் சீர்திருத்தம்

பழைய வீட்டைச் செப்பனிட முற்படும் குடும்பத்தில் பணம் எந்த வரிசையில் செலவாகிறது என்பதைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். முதலில் ஒழுகும் கூரை. அது தவிர்க்க இயலாத செலவு. அடுத்து வாயிற்கதவு, அதன்பின் கூடத்துத் தரை, பிறகு சுவர்களுக்கு வெள்ளை. விருந்தினரின் கண்ணில் படும் இடங்களெல்லாம் புதுமை பெற்ற பிறகு, கையில் ஏதேனும் மிஞ்சினால்தான் அடுக்களையின் முறை வரும். பெரும்பாலும் மிஞ்சுவதில்லை. நாள்தோறும் நெருப்பு எரிகிற இடம், வீட்டில் ஒருவர் பல மணி நேரம் நின்றோ குந்தியோ உழைக்கிற இடம், வரிசையில் கடைசியாக நிற்கிறது.

இந்த வரிசையை மாற்ற வேண்டும், அதையும் ஏழையின் சக்திக்கு உட்பட்ட செலவில் செய்ய வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டில் எவ்வாறு வளர்ந்தது, யார் யார் முயன்றனர், எங்கே வெற்றி கண்டனர், எங்கே இடறினர் என்பதைச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன். அரசர்களும் போர்களும் இடம்பெறாத சரித்திரம் இது. ஆயினும் கோடிக்கணக்கான பெண்களின் சுவாசம் இதில் அடங்கியிருக்கிறது.

பழைய அடுக்களையை வெறும் அறியாமையின் சின்னம் என்று ஒதுக்கிவிடுதல் நியாயமாகாது. அதன் ஒவ்வோர் அம்சத்திற்கும் ஒரு காரணம் இருந்தது. காற்று வீசினால் தழல் அலையும், பொறி பறக்கும், கூரை பற்றும். ஆகவே ஜன்னல் சிறுத்தது. புகை ஓட்டிடுக்குகளின் வழியே மெல்லக் கசிந்து வெளியேறியது. அவ்வாறு கசியும்போது கூரையின் மூங்கிலையும் ஓலையையும் உலர்த்திப் பூச்சி அரிக்காமல் காத்தது. அடுப்புக்கு மேலே பரணில் வைத்த விதைத் தானியம் வண்டு பிடிக்காமல் மறு விதைப்பு வரை இருந்தது. இமயமலைச் சாரலில் அடுப்பு சமையலுக்கு மட்டுமன்றிக் குளிர் காய்வதற்கும் உரியதாயிற்று. அரிவாள்மணை, அம்மி முதலிய கருவிகள் யாவும் தரையில் அமர்ந்து வேலை செய்பவருக்கு ஏற்றவை. அடுப்பும் தரையில் இருந்தது. இவற்றுள் ஒன்றை மாற்றினால் மற்றவையும் கலையும். இதை மறந்த சீர்திருத்தங்கள் நிலைக்கவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஆனால் இந்த அமைப்புக்கு ஒரு விலை இருந்தது. அதை மருத்துவ முறையில் எடுத்துரைத்தவர்களுள் டாக்டர் எஸ். பத்மாவதி முக்கியமானவர். பர்மாவில் பிறந்து, 1942-ஆம் ஆண்டு யுத்தகாலத்தில் குடும்பத்தோடு கோயம்புத்தூர் வந்து சேர்ந்து, பின்னர் டில்லியில் இதய மருத்துவராகப் பெயர் பெற்றவர் அவர். நுரையீரல் கெட்டு, அதன் விளைவாக இதயத்தின் வலப்பகுதி தளர்ந்துபோன 127 நோயாளிகளைப் பற்றி அவரும் அவருடைய சகாவும் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை 1959-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மேல்நாடுகளில் இந்த நோய் பெரும்பாலும் புகைபிடிக்கும் ஆண்களைப் பற்றுவதாகக் கருதப்பட்டு வந்தது. டில்லியிலோ புகைபிடிக்கும் வழக்கம் குறைந்த பெண்களும் ஆண்களுக்கு ஈடாக அதற்கு இரையாகியிருந்தனர். அவர்கள் பீடி பிடிக்கவில்லை, சமைத்தார்கள். 1983-ஆம் ஆண்டில் குஜராத்தின் கிராமங்களைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று வெளியாயிற்று. சமைக்கும் பெண் சுவாசிக்கும் காற்றில் எவ்வளவு தூசு கலந்திருக்கிறது என்பதை அது அளந்து காட்டியது. வீட்டுக்குள் எழும் புகையினால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 6 லட்சம் மரணங்கள் நேர்ந்தன என்பது அண்மைய மருத்துவ மதிப்பீடு.

மருத்துவர்கள் கணக்கிடுவதற்கு முன்பே அடுப்பைத் திருத்த முற்பட்டவர்கள் இருந்தனர். 1934-ஆம் ஆண்டின் இறுதியில் காந்தியடிகளின் முயற்சியால் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றிற்று. வார்தாவில் மகன்வாடி என்னும் இடம் அதன் இருப்பிடம். தஞ்சையில் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா அதை நடத்தி வந்தார். செக்கு, கைக்காகிதம், வெல்லம், தேனீ ஆகியவற்றைப் பற்றி ஆராய்ந்த அந்தச் சங்கம் அடுப்பையும் விடவில்லை. ‘மகன் சூல்ஹா’ என்ற பெயரில் புகைபோக்கியுடன் கூடிய மண்ணடுப்பு ஒன்று அங்கே உருவாகிப் பரவிற்று. கிராமத்து மண்ணைக் கொண்டு கிராமத்துக் கை செய்யத்தக்கதாக அது இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை.

அடுத்த படி ஹைதராபாதில் நிகழ்ந்தது. அங்குள்ள பொறியியல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த எஸ். பி. ராஜு என்பவர் 1950-களில் ஓர் அடுப்பை வகுத்து, கோடானுகோடி மக்களுக்குப் புகையில்லாச் சமையலறை என்ற பொருள்படும் ஆங்கில நூல் ஒன்றையும் எழுதினார். அந்நூல் சென்னையில் அச்சாயிற்று. அவ்வடுப்பின் தத்துவம் எளியது. களிமண் மேடையின் உட்புறம் ஒரே குடைவு; மேலே பாத்திரங்கள் அமரும் வாய்கள்; குடைவின் கோடியில் புகைபோக்கி. முதல் வாயில் விறகு எரியும். தழலும் வெப்பமும் அடுத்த வாய்களைத் தொட்டுச் செல்ல, எஞ்சிய புகை மட்டும் கூரைக்கு மேலே போய்விடும். நம் பக்கத்து வீடுகளில் பெரிய அடுப்பின் வெப்பத்தை ஒரு துளை வழியே வாங்கிக்கொள்ளும் கொடியடுப்பை அறிந்தவர்களுக்கு இதில் பாதி புதிதன்று. புதுமை புகைபோக்கியில் இருந்தது.

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. அதன் கிராம சேவிகைகள் வீடு வீடாகச் சென்று கற்பித்த பாடங்களுள் புகையில்லா அடுப்பும் ஒன்று. செலவென்று பார்த்தால் மண், சாணம், வைக்கோல் ஆகியவை வீட்டிலேயே கிடைப்பவை. விலைக்கு வாங்க வேண்டியது புகைபோக்கிக் குழாய் மட்டுமே. சிக்கனத்தில் இதை மிஞ்சிய சீர்திருத்தம் இருக்க இயலாது. எனினும் பல வீடுகளில் சில மாதங்களில் அடுப்பு விரிந்தது. குழாயில் கரி அடைத்தது. புகை வந்த வழியே திரும்பிற்று. அடைப்பைக் குத்தி எடுப்பது எப்படி என்று அருகிருந்து சொல்ல ஆள் இல்லை. இல்லத்தரசி பழைய மூன்று கல்லை மீண்டும் எடுத்து வைத்தாள். அவளைப் பழைமையில் பிடிவாதம் உடையவள் என்று சிலர் குறிப்பெழுதினர்.

இந்தக் குறிப்பு பிழையானது என்பதை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு சிறு கிராமம் உணர்த்திற்று. சண்டிகருக்கு அண்மையில் உள்ள நாடா என்னும் கிராமத்தில் 1980-களின் தொடக்கத்தில் மது சரீன் என்ற கட்டடக் கலைஞர் அடுப்புப் பணியில் ஈடுபட்டார். முடிந்த வரைபடம் ஒன்றைக் கொடுத்துக் கட்டச் சொல்வதோடு அவர் நிற்கவில்லை. அந்தந்த வீட்டுப் பாத்திரத்தின் வாயகலம், ரொட்டி சுடும் முறை, எரிக்கும் விறகு ஆகியவற்றைப் பெண்களிடமே கேட்டு, அவர்களுடன் கூடி அடுப்பைத் திருத்தினார். கிராமத்துப் பெண்களே அடுப்புக் கொத்தர்களாகப் பயிற்சி பெற்றனர். விரிசல் கண்டால் பூசவும், குழாய் அடைத்தால் திறக்கவும் அடுத்த தெருவிலேயே ஆள் கிடைத்தது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1974-இல் ஏ. கே. என். ரெட்டி அவர்களின் முயற்சியால் ஏற்பட்ட அஸ்த்ரா என்னும் பிரிவும் ‘அஸ்த்ரா ஒலெ’ என்ற மூன்று வாய் அடுப்பை அளித்தது. ஒலெ என்பது அடுப்பைக் குறிக்கும் கன்னடச் சொல்.

1983-ஆம் ஆண்டின் இறுதியில் மத்திய அரசு அடுப்புக்கென்றே ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கிற்று. ஹிந்தியில் ‘உன்னத் சூல்ஹா’ என்று அதற்குப் பெயர். அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல் எப்பொழுதும் ஒரு புன்னகையை வரவழைக்கும். ஹிந்தியில் மேம்பட்டது என்னும் அளவோடு நிற்கும் சொல், தமிழில் ‘உன்னதம்’ என்று சிகரத்துக்கே ஏறிவிடுகிறது. திட்டத்தின் கதியும் ஏறத்தாழ அவ்வாறே ஆயிற்று. 2002-ஆம் ஆண்டில் மத்திய அரசு விலகிக்கொள்வதற்குள் 3 கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் கட்டப்பட்டதாகக் கணக்கு. எண்ணிக்கை உன்னதம், ஆனால் எண்ணப்பட்டது கட்டிய அடுப்பே ஒழிய, எரிகிற அடுப்பு அன்று. இலக்கு நிறைவேறிய மறுநாள் அந்த அடுப்பைக் கவனிப்பது எவர் கடமை என்பதற்குத் தெளிவான விடை இல்லை. பல அடுப்புகள் சில ஆண்டுகளுக்குள் கைவிடப்பட்டன.

ஒரிஸா மாநிலக் கிராமங்களில் ஏறத்தாழ 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆராய்ச்சி இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிற்று. எஸ்தர் டஃப்லோ முதலிய பொருளியல் அறிஞர்கள் அதை நடத்தினர். புதிய அடுப்பு வந்த முதலாண்டில் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. பின்னர் அந்தப் பயன் மறைந்துவிட்டது. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவும் இல்லை. பழுது பார்க்கவும் இல்லை. ஆண்டுக்கு ஆண்டு பயன் தேய்ந்தது. பரிசோதனைச் சாலையில் மெய்யாக இருந்தது வீட்டில் மெய்யாகாமற் போன கதை இது.

இதற்கிடையே நகரங்களில் வேறொரு வழி திறந்தது. 1955-ஆம் ஆண்டில் பம்பாயில் சமையல் வாயு அறிமுகமாயிற்று. 1965-ஆம் ஆண்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் முதல் இணைப்பு கல்கத்தாவில் ஏற்பட்டது. வாயு வந்ததும் அடுக்களையின் உருவமே மாறிற்று. வாயுவை அடைத்த உருளை கீழே நிற்க, அடுப்பு அதைவிட உயரமான இடத்தில் அமர வேண்டும். ஆகவே பழைய வீடுகளில் சுவரோரமாகச் செங்கற்கால் எழுப்பி, அதன்மேல் கடப்பைக்கல் பதித்து மேடை கட்டினர். குந்திச் சமைத்த தலைமுறை நின்று சமைக்கலாயிற்று. அரிவாள்மணை கத்திக்கு இடம் விட்டது. இடுப்புக்கும் முழங்காலுக்கும் கிடைத்த விடுதலையாகப் பலர் இதைக் கொண்டாடினர். ஆனால் மேடையின் உயரத்தைக் கொத்தனாரே தீர்மானித்த வீடுகளில் முதுகுவலி புதிதாகக் குடியேறிற்று.

2016-ஆம் ஆண்டு மே முதல் தேதி உத்தரப் பிரதேசத்துப் பல்லியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டம் வாயுவை ஏழைக் குடும்பங்களுக்குக் கொண்டு சென்றது. இணைப்பு ஒன்றுக்கு அரசு 1,600 ரூபாய் ஏற்றுக்கொண்டது. 2019-ஆம் ஆண்டுக்குள் 8 கோடி இணைப்புகள் வழங்கப்பட்டன. இது அரிய சாதனை. ஆயினும் அதே ஆண்டில் வெளியான தணிக்கை அறிக்கை, அக்குடும்பங்கள் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 3.21 உருளைகளே வாங்கின என்று கூறிற்று. வாயு அடுப்பு மேடைமேல் இருந்தது. விறகடுப்பு கொல்லைப்புறத்தில் எரிந்துகொண்டிருந்தது. அடுப்பை வாங்க உதவி கிடைத்தது; அதை நாள்தோறும் எரிப்பதற்கான பணம் குடும்பத்தின் பொறுப்பாயிற்று.

மண்ணடுப்பின் கதையும் வாயு அடுப்பின் கதையும் இவ்விடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. மலிவான சீர்திருத்தம் என்று நாம் சொல்லும்போது, முதல் நாளின் செலவை மட்டுமே கணக்கிடுகிறோம். அடுக்களையின் உண்மையான செலவு ஆண்டு முழுவதும் தொடர்வது. அதில் குழாயைத் துடைக்கும் செலவு உண்டு. விரிசலைப் பூசும் செலவு உண்டு. எரிபொருளின் செலவும் உண்டு. இவற்றை முதலிலேயே கணக்கில் சேர்த்தால் சிக்கனம் நிலைக்கும். சேர்க்காவிட்டால் கட்டியது வீணாகும்.

பழைய வீடும் சிறிய வருவாயும் உடையவர்கள் இச்சரித்திரத்திலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கவை சில உள்ளன. எந்த அடுப்பானாலும் முதற்செலவு காற்றுக்கு உரியது. சுவரின் உச்சியில், கூரைக்குச் சற்றுக் கீழே ஒரு திறப்பும், எதிர்ப்பக்கம் தாழ்வாக ஒரு திறப்பும் இருந்தால், சூடேறிய புகை மேலே சென்று வெளியேற, புதிய காற்று கீழே நுழையும். இதற்குச் சில செங்கற்களைப் பெயர்த்தால் போதும். விறகு எரிப்பவர்கள் புகைபோக்கியைக் கூரைக்கு மேல் நன்றாக உயர்த்திக் கட்டுக. அதன் அடியில் கரியை எடுக்க ஒரு வாயில் விடுக. மேடை கட்டுவோர் சமைப்பவரை நிற்கவைத்து, அவர் முழங்கைக்குச் சற்றுத் தாழ அளவெடுத்த பிறகே முதற் கல்லை வைக்கச் சொல்லுக. செலவுக்கென்று ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை அடுத்த ஆண்டின் பழுதுக்காக மீதம் வைத்துக்கொள்க.

வார்தாவிலும் ஹைதராபாதிலும் பெங்களூரிலும் அறிஞர்கள் உழைத்த உழைப்பு மதிக்கத்தக்கது. அந்த உழைப்பு நாடா கிராமத்தில் பலன் தந்தது, சமைக்கும் பெண்ணின் சொல்லுக்கு அங்கே இடம் இருந்தமையால். கொத்தனாரை அழைக்கும் முன்பு, அந்த அறையில் நாள்தோறும் நிற்பவரை அழைத்து, எது கண்ணைக் கரிக்கிறது, எது கைக்கு எட்டவில்லை என்று கேளுங்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.