ஷெரிப் ஏலம்

அமெரிக்காவில் வீட்டுக் கடனைக் கட்டத் தவறியவரின் வீட்டை, நீதிமன்றத் தீர்ப்பின்பேரில் கவுண்டியின் காவல் அதிகாரியான ஷெரிப் ஏலத்தில் விற்கும் முறை. கவுண்டி என்பது ஏறக்குறைய நம்மூர் மாவட்டம். எல்லா மாநிலங்களிலும் இப்படி இல்லை. டெக்சாஸ், கலிபோர்னியாவில் பெரும்பாலும் நீதிமன்றப் படியேறாமலே விற்பனை முடிந்துவிடும்.

ஒஹாயோவில் கவுண்டிவாசிகளான, வழக்கில் தொடர்பற்ற மூன்று சொத்துக்காரர்கள் வீட்டை மதிப்பிடுவது பழைய வழக்கம். முதல் ஏலத்தில் அந்த மதிப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே கேட்க முடியாது. 10,000 டாலருக்கு மேல் 2,00,000 டாலர் வரை மதிப்புள்ள குடியிருப்புக்கு முன்பணம் 5,000 டாலர். நீதிமன்றம் விற்பனையை உறுதிசெய்யும்வரை பழைய உரிமையாளர் கடனை அடைத்து வீட்டை மீட்டுக்கொள்ளலாம்.

விலை மலிவுதான், ஆனால் ஆபத்து முழுவதும் வாங்குபவர் தலையில். வழக்கமாக வீட்டுக்குள் நுழைந்து பார்க்க விடமாட்டார்கள். கூரை ஒழுகுகிறதா, செம்புக் குழாய்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களா என்பதைத் தெருவில் நின்று ஊகிக்க வேண்டும். வில்லங்கமும் அவரே பார்த்தாக வேண்டும்: மத்திய வரித்துறைக்குப் பாக்கியிருந்தால், ஏலம் முடிந்தும் குறைந்தது 120 நாள் சொத்தை மீட்கும் உரிமை அத்துறைக்கு உண்டு.

குடியிருப்போரை வெளியேற்றுவதும் ஷெரிப் வேலையே. ஒழுங்காக வாடகை கட்டியவர்களும் தெருவுக்கு வருகிறார்கள் என்று 2008 அக்டோபரில் சிகாகோ அடங்கிய குக் கவுண்டியின் ஷெரிப் டாம் டார்ட் அதை நிறுத்திவைத்தார். மறு ஆண்டு வந்த மத்தியச் சட்டம் முறையான வாடகைதாரருக்குக் குறைந்தது 90 நாள் நோட்டீஸ் தரச் சொன்னது. 2018இல் அது நிரந்தரமானது.