1967இன் தீர்ப்பும் தீப்பெட்டி ஆபீஸ் குழந்தைகளும்

1967 பொதுத்தேர்தலில் விருதுநகர்த் தொகுதியில் காமராஜர் 1285 வாக்குகளில் தோற்றார். வென்ற பெ. சீனிவாசன், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னின்ற மாணவர் தலைவர். மக்கள் எழுச்சி ஒன்று தமிழகத்தில் ஆட்சியையே மாற்றியதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. அந்த எழுச்சியால் எளிய மக்களின் வாழ்வு மேம்பட்டதா? அதே வட்டாரத்தை வைத்தே இக்கேள்வியை ஆராய்ந்து பார்க்கலாம்.

எழுச்சி எதைக் கேட்டதோ அதைப் பெற்றது. இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடர்வதற்கு மத்திய ஆட்சிமொழித் திருத்தச் சட்டம் உறுதியளித்தது. 1968 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது. அரிசித் தட்டுப்பாடும் அத்தேர்தலைத் தீர்மானித்த காரணங்களுள் ஒன்று. ஆனால் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி, சென்னையிலும் கோவையிலும் மட்டும் ஒரு படி என்ற அளவில்தான் நடைமுறைக்கு வந்தது.

சிவகாசிப் பக்கத்துக் குழந்தைகளைப் பற்றி அந்த எழுச்சியின் முழக்கங்கள் எதுவும் பேசவில்லை. வானம் பார்த்த கரிசல் பூமியில் மழை பொய்த்தால் கூலியில்லை. 1920களில் இங்கே வேரூன்றிய தீப்பெட்டித் தொழில் அந்த வறுமையைப் பற்றிக்கொண்டே வளர்ந்தது. விடியுமுன் ஊருக்குள் வரும் வண்டியில் ஏறிப்போய்க் குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் ஆட்சி மாறிய பின்னும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தன. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசித் தொழிற்சாலைகள் குறித்து எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், பணியமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென உச்ச நீதிமன்றம் 1996இல் ஆணையிட்டது. பள்ளியில் சோறு போட்டுக் குழந்தைகளை இழுத்த மதிய உணவுத் திட்டமோ, எழுச்சி வீழ்த்திய அதே காமராஜர் 1956இல் தொடங்கியது.

அப்படியானால் எழுச்சி வீணா? அல்ல. வாக்காளர் யாரையும் வீழ்த்துவார் என்ற அச்சத்தை அது ஆள்வோரிடம் விதைத்தது. 1967க்குப் பின் எந்தக் கட்சியும் அரிசியை மறந்து அரசியல் செய்ய முடியவில்லை. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்த திட்டத்தின் பின்னும் அந்த அச்சம் இருந்தது என்றே கருதுகிறேன்.

பிலிப்பைன்ஸின் அனுபவம் இன்னும் கசப்பானது. 1986 பிப்ரவரியில் மக்கள் நான்கே நாட்களில் மார்க்கோஸை விரட்டினார்கள். மறு ஆண்டு ஜனவரியில் நிலம் கேட்டு மணிலாவின் மெந்தியோலா பாலத்தருகே வந்த உழவர்கள் சுடப்பட்டனர். 1988இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் நிலவுடைமையாளர்களுக்கு வழிகள் பல இருந்தன. 2022இல் மார்க்கோஸின் மகனே குடியரசுத் தலைவரானார்.

ஆளை மாற்றுவதற்குச் சில நாட்கள் போதும். கூலியையும் நிலத்தையும் மாற்றப் பத்தாண்டுகளின் சலியாத வேலை வேண்டும். அந்த வேலைக்குக் கூட்டம் சேர்வதில்லை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் 38 பேர் பட்டாசு ஆபீஸில் கருகினர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க வேறொருவர் நடத்தும் உள்குத்தகை முறையை ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் எல்லோரும் கண்டிக்கிறார்கள். அதை ஒழிக்கச் சொல்லி இதுவரை எந்த ஆட்சியும் கவிழ்ந்ததில்லை.