முன்பனியில் முகூர்த்தம்: பழனி மலையில் கல்யாண காலம் நகர்ந்த கதை

கொடைக்கானலில் தை, மாசியில் கல்யாணம் வைப்பவர்கள் இன்று குளிரையே ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். பழனி மலைத்தொடரின் வரலாற்றில் இது புதுப் பேச்சு. இங்கே குளிர் எப்போதும் இருந்தது. ஆனால் திருமண நாளைக் குறித்தவை விளைச்சலும் பஞ்சாங்கமும் மலைப்பாதையும்தான். குளிரை நாடியே முகூர்த்தம் தேடும் வழக்கம் வண்டிச்சாலைக்கும் விடுதிகளுக்கும் பிறகு வந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சங்க இலக்கியம் பொதினி என்று குறிப்பது இன்றைய பழனியை. குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குப் போர்வை தந்த பேகனின் ஆவியர்குடி ஆண்ட நிலம் அது. தொல்காப்பியம் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாகவும் நள்ளிரவைச் சிறுபொழுதாகவும் வகுக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் மலைக் கல்யாணத்துக்குக் குளிர்காலமே உரியது என்று தோன்றும். ஆனால் அந்தக் குளிரும் நள்ளிரவும் களவுக்கு உரியவை. ஊரறிய நடக்கும் மணத்துக்கு அல்ல. மணநாளுக்கு மலைமக்கள் பார்த்தது வேங்கை மரத்தை. வேங்கை பூத்தால் தினை கொய்யும் காலம். தினைக்காவல் முடிந்து தலைவி வீடு திரும்பிவிடுவாள், வரைவுப் பேச்சு எழும். சங்கப் பாடல்கள் அந்த மரத்தைச் சோதிடனாகவே பேசுவது பொருத்தம்தான்.

சமவெளித் திருமணங்களை விரிவாகக் காட்டுபவை அகநானூற்றின் இரண்டு பாடல்கள்: நல்லாவூர் கிழாரின் 86ஆம் பாடல், விற்றூற்று மூதெயினனாரின் 136ஆம் பாடல். முன்னதில் உளுந்து சேர்த்த களியும், மணல் பரப்பிய பந்தலும், மணமகளை நீராட்டும் மகப்பெற்ற மகளிரும் வருகிறார்கள். பின்னதில் இறைச்சியோடு விருந்து. திங்கள் உரோகிணியோடு கூடும் நாள் இரண்டிலும் நல்ல நாளாகிறது. மாதப் பெயர் எதிலும் இல்லை. நாள் பார்த்தார்கள், மாதம் விலக்கியதாகச் சான்று இல்லை.

மார்கழி விலக்கு இதற்குப் பிந்தைய அடுக்கு. முன்பனிக் காலம் என்பது மார்கழியும் தையும். ஒரே பருவத்தின் முதல் பாதியில் கல்யாணம் கூடாது, மறு பாதியில் கல்யாணமே வரிசை கட்டும் என்றால், தடைக்குக் காரணம் தட்பவெப்பம் இல்லை என்பது தெளிவு. மார்கழி தேவர்களின் வைகறை, வழிபாட்டுக்கு ஒதுக்கிய மாதம். நல்ல கணவன் வேண்டிப் பெண்கள் பாவை நோன்பிருந்த மாதமும் அதுவே. தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கம் என்கிறோம். வானியல்படி சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல், அதாவது மார்கழியின் முதல் வாரத்தில். 1901 முதல் சூரியனைப் பதிவுசெய்துவரும் ஆய்வகம் கொடைக்கானலிலேயே இருந்தும், ஊர் முகூர்த்தம் இன்றும் தை பிறக்கத்தான் காத்திருக்கிறது!

தைக்கு வேறு பலமும் இருந்தது. சம்பா அறுவடை முடிந்து களத்து நெல் வீடு வந்துசேரும் மாதம் அது. கையில் காசும் குதிரில் நெல்லும் இல்லாமல் பந்தி போட முடியாது. பழனியில் தைப்பூச விழாவில், தேருக்கு முந்தைய நாள், பெரியநாயகி அம்மன் கோயிலில் வள்ளி, தெய்வானையோடு முத்துக்குமாரசுவாமிக்குத் திருக்கல்யாணம் நடக்கிறது. மலைக்குரிய தெய்வமே தையில் மணக்கோலம் கொள்ளும்போது குடிகளுக்கு வேறு சான்று எதற்கு?

கிறித்தவ மிஷன்கள் வந்தபோது இந்த நாட்காட்டி உடையவில்லை, இறுகியது. 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து பொதுச்சங்கம் திருவருகைக்காலத்திலும் தவக்காலத்திலும் ஆடம்பரத் திருமணங்களை விலக்கியது. கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு கதவு மூடும். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனில் மறு கதவு. இடையில் திறந்திருப்பது பெரும்பாலும் தை. வெவ்வேறு இறையியல், ஒரே வாரங்கள்! சுயமரியாதைத் திருமணம் இந்தக் கணக்கை மறுத்தது. ராகுகாலத்திலும் மணவிழா நடத்திக் காட்டியது. 1967இல் தமிழகச் சட்டமன்றம் அதற்குச் சட்ட ஏற்பு தந்தது. ஆனாலும் மண்டபங்கள் இன்றும் மார்கழியில் பெரும்பாலும் காலியாகவே கிடக்கின்றன.

மலையுச்சியின் கதை வேறு. 1845இல் மதுரையின் அமெரிக்க மிஷனரிகள் வீடு கட்டியதும், 1863இல் மதுரை ஆட்சியர் லெவிஞ்ச் கொடைக்கானல் ஏரியை உண்டாக்கியதும் கோடைக்காகவே. பின்னாளில் கோடைக்கு வந்தவர்கள் ரயிலடியிலிருந்து மாட்டுவண்டியில் அடிவாரம் வந்து, அங்கிருந்து நடந்தோ குதிரையிலோ ஆட்கள் சுமந்த நாற்காலியிலோ ஏறினார்கள். பழைய தடங்களில் ஒன்று கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் பஞ்சாங்கம் முகூர்த்தம் கொடுத்தாலும், வடகிழக்குப் பருவமழையில் சொந்தபந்தம் அந்த வழுக்குப் பாதையில் ஏறிவருவது எளிதல்ல. மழை ஓய்ந்து பகல் வெளுக்கும் தையே நடக்க ஏற்ற மாதம். 1916இல் லா மலைச்சாலை என்ற வண்டிச்சாலை திறந்த பிறகும் மழைக்காலத்தை முழுதாக நம்ப முடியவில்லை. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் சாய்த்த மரங்களும் மண்சரிவும் கொடைக்கானலைத் துண்டித்தது நினைவிருக்கும்.

சாலையும் விடுதிகளும் பெருகியதும் கணக்கு தலைகீழானது. கோடைச் சீசனுக்குக் கட்டிய அறைகள் புத்தாண்டுக் கூட்டம் கலைந்ததும் காலியாகும். முகூர்த்தமோ அப்போதுதான் தொடங்கும். மதுரை, கோவை, சென்னைக் குடும்பங்கள் சொந்த ஊரை விட்டு மலையில் மணமேடை போடுவதற்கு இது தோதானது. உள்ளூர்க்காரர் சகித்துக்கொண்ட பனி, வந்தவர்களின் புகைப்படங்களில் அழகாயிற்று.

அந்த அழகுக்குச் செலவு உண்டு. ஜனவரி இரவுகளில் வெப்பம் சராசரியாக 8 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும். தாழ்வான புல்வெளிகளில் உறைபனி படியும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழேயே உறைந்துவிடும் என்பதால் விடியற்கால முகூர்த்தத்தில் ஓம நெய்யையும் எண்ணெயையும் தணலருகே வைத்து இளக்க வேண்டும். தவில் தோல் ஈரப் பனியில் தொய்ந்துபோகும். அடிவாரத்து நிலக்கோட்டைச் சந்தையில் பனியால் மல்லிகை வரத்து சரிந்து, முகூர்த்தத் தேவையும் சேர, கிலோ 2,000 ரூபாயைத் தாண்டுவது இந்த மாதங்களில் வாடிக்கை. பனியைத் தேடி வருகிறவர் பூவுக்குப் பனிவிலை கொடுக்கிறார்.

அண்மை மாற்றம் நீதிமன்றத்திலிருந்து வந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் வரும் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பு விதிக்கப்பட்டது. சித்திரையும் வைகாசியும் முகூர்த்த மாதங்கள். அவை அந்த வரம்புக்குள் சிக்கின. தை, மாசிக்கு அத்தகைய எண்ணிக்கை வரம்பு இல்லை. மாப்பிள்ளை வீட்டார் வேனுக்கும் சமையல்காரர் வண்டிக்கும் பாஸ் எடுத்தால் போதும்.