மாங்காவும் மோகனாம்பாளும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

அரையாண்டுத் தேர்வு லீவுக்குச் சென்னையிலிருந்து மகளும் பேத்தியும் சிறுவாச்சூர் வந்திருந்தார்கள். பேத்தி பிளஸ் ஒன். எந்நேரமும் புத்தகமும் கையுமாக உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். "என்னடி படிக்கிற?" என்றேன். "மாங்கா, அம்மாச்சி" என்றாள். எனக்குத் தெரிந்த மாங்கா உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்பது. இது ஜப்பான் நாட்டுப் படக்கதையாம். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டுமாம்.

"பாடப் புத்தகத்தைத் தொடுறதில்லை. காதல் கதை படிச்சு இளிச்சிக்கிட்டிருக்கா. நீ டீச்சர்தானேம்மா, நாலு வார்த்தை சொல்லு" என்று மகள் பஞ்சாயத்து வைத்தாள்.

தீர்ப்புக்கு முன் வழக்கு தெரிய வேண்டுமே. கதையைச் சொல்லச் சொன்னேன். பெயர் 'காகுயா-சமா'. அகா அகசாகா என்பவர் 2015 முதல் 2022 வரை எழுதி வரைந்தது. ஒரு பெரிய பள்ளியின் மாணவர் மன்றத் தலைவன் சாதாரண வீட்டுப் பையன். துணைத் தலைவி பெரும் பணக்கார வீட்டுப் பெண். இருவரும் கெட்டிக்காரர்கள். ஒருவர்மேல் ஒருவருக்கு ஆசை. ஆனால் யார் முதலில் வாய் திறந்து சொல்கிறார்களோ அவர்கள் தோற்றவர்கள்! அதனால் எதிராளியைச் சொல்லவைக்க ஆளுக்கொரு திட்டம் போடுகிறார்கள். நடுவில் ஃபுஜிவாரா என்ற வெள்ளந்திப் பெண் ஒன்றும் தெரியாமல் வந்து எல்லாத் திட்டத்தையும் கெடுத்துவிடுவாள்.

கேட்டு முடித்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அடியே, இது நம்ம தில்லானா மோகனாம்பாள்டி!" என்றேன்.

பிள்ளைகளே, உங்களில் பலருக்கு அது சிவாஜி படமாக மட்டும்தான் தெரியும். படம் வந்தது 1968இல். அதற்குச் சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1950களின் பிற்பாதியில், அது ஆனந்த விகடனில் வாராவாரம் வந்த தொடர்கதை. எழுதியவர் கொத்தமங்கலம் சுப்பு, 'கலைமணி' என்ற புனைபெயரில். 'ஔவையார்' படத்தை இயக்கியவரும் அவரே. தொடருக்குப் படம் வரைந்தவர் கோபுலு. அந்தக் காலத்தில் தொடர்கதை என்றால் பாதி எழுத்து, பாதி ஓவியம். மோகனாவின் முகம் எப்படி இருக்கும் என்று வாசகருக்குச் சொன்னது கோபுலுவின் கோடுகள்தான்.

ஜப்பானிலும் இதே வழக்கம்தானாம். முதலில் வார இதழில் ஓர் அத்தியாயம், பிறகு சேர்த்துப் புத்தகம். நம் வீடுகளில் அந்த இரண்டாவது வேலையைப் பெண்களே செய்தார்கள். பக்கங்களைக் கிழித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டையைப் பசை தடவி ஒட்டி 'பைண்டு' பண்ணுவார்கள். என் பெரியம்மா தைத்து வைத்திருந்த மோகனாம்பாளை நான் ஏழாம் வகுப்பில் படித்தேன். நம் ஊர் அப்போது திருச்சி மாவட்டம்.

அப்படி என்ன இருக்கிறது அதில்? சிக்கல் சண்முகசுந்தரம் நாதஸ்வர வித்வான். மோகனா நாட்டியக்காரி. இருவருக்கும் தொழிலில் கர்வம். படத்தில், தன் ஆட்கள் அவள் ஆட்டத்தைப் பார்க்கப் போகக் கூடாது என்று தடுத்துவிட்டு, அவர் மட்டும் தூண் மறைவில் நின்று பார்ப்பார். அது அவளுக்கும் தெரியும்! ஆசையைச் சொல்லத் தெரியாமல், உன் வாசிப்பா என் ஆட்டமா என்று போட்டி போடுகிறார்கள். சுற்றிலும் சவடால் வைத்தி, ஜில் ஜில் ரமாமணி, தவில்காரர் முத்துராக்கு. வைத்தியாக வந்த நாகேஷையும், ரமாமணியாக வந்த மனோரமாவையும், முத்துராக்காக வந்த பாலையாவையும் யார் மறப்பார்கள்? திரைக்குப் பின்னால் நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள்.

ஆனால் சிரிப்புக்கு அடியில் ஒரு வரலாறு உண்டு. சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது 1947இல். அதற்குமுன் கோயிலில் ஆடும் குடும்பத்துப் பெண் ஒரு மிராசுதாரரையோ ஜமீன்தாரையோ அண்டி வாழ்வதுதான் வழக்கம். மோகனாவின் தாய் வடிவு விரும்புவதும் அதைத்தான். மைனர் வருகிறார், மகாராஜா வருகிறார். வைத்தி தரகு பார்க்கிறான். மோகனாவோ தனக்குச் சமமான கலைஞன் ஒருவனுக்கு மனைவியாக வாழ வேண்டும் என்று நிற்கிறாள். சட்டம் வந்து பத்து ஆண்டு ஆன நிலையில், இதைப் பிரசங்கமாக எழுதியிருந்தால் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? சிரிக்கச் சிரிக்கச் சொன்னதால் அது அடுப்படிவரை போனது. என் பெரியம்மா ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். "அந்தப் பொண்ணு தானா முடிவெடுத்தா பாரு" என்று அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது.

இப்போது நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாட நேரத்தில் மடியில் வைத்துப் படித்த ஒரு மாணவியிடமிருந்து இப்படித் தைத்த தொடர்கதை ஒன்றைப் பிடுங்கினேன். அம்மாவைக் கூட்டிவந்து வாங்கிக்கொள் என்றேன். அவள் வரவில்லை. ஆண்டு முடிவில் அலமாரியைச் சுத்தம் செய்தபோது அது பழைய பேப்பரோடு போய்விட்டது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை மதுரகாளியம்மன் கோயில் வாசலில் அவளே என்னை அடையாளம் கண்டு பேசினாள். கோபமே இல்லாமல், "அது எங்க பாட்டி தைச்சது டீச்சர்" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் பிடுங்கியது வெறும் காகிதமல்ல என்று அன்றுதான் புரிந்தது.

ஆகவே பேத்தி வழக்கில் என் தீர்ப்பு இதுதான்: பாடம் முடித்துவிட்டு மாங்கா படிக்கலாம். மகளுக்கும் ஒரு தண்டனை உண்டு. முதல் புத்தகத்தை அவளும் படிக்க வேண்டும். நாற்பது பக்கத்தில் அவளும் சிரித்துவிட்டாள்!

உங்கள் வீட்டுப் பரணில் பாட்டி தைத்த தொடர்கதை இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எந்தக் கதை, யார் தைத்தது என்று கீழே எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர், சிறுவாச்சூர்