பெயரே குற்றமான காலம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

மனிதரின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக அல்லாஹ் 'அர்ரூம்' அத்தியாயத்தின் 22ஆம் வசனத்தில் குறிப்பிடுகிறான். அந்த மொழியைக் கொண்டே மனிதன் சக மனிதனைப் பிறப்பால் இழிந்தவனாக்கினான். இதற்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் கம்பம் பள்ளத்தாக்கின் வரலாறே போதும்.

1871இல் ஆங்கிலேய அரசு வட இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. தச்சன் மகன் தச்சனாவதுபோலத் திருடன் மகன் திருடனாவான் என்பதே அதன் பின்னிருந்த வாதம். குற்றம் என்பது ஒருவன் செய்வது. பரம்பரை என்பது அவன் பிறப்பது. சேரக்கூடாத இவ்விரு சொற்களையும் சேர்த்ததிலேயே அநீதி தொடங்கிவிட்டது.

1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அன்று தேனிப் பகுதி மதுரை மாவட்டத்தில் இருந்தது. உசிலம்பட்டி வட்டாரத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் வாழ்ந்த பிரமலைக் கள்ளர் மக்கள் அதன்கீழ் கொண்டுவரப்பட்டனர். ஆண்களின் கைரேகை பதிவு செய்யப்பட்டது. இரவில் காவலர் கண்காணிப்பில் உறங்க வேண்டும். வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகைப் பதிவை எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

'கள்ளர்' என்ற சாதிப் பெயருக்குத் திருடர் என்று நேர்ப்பொருள் கொண்டு, அப்பெயரையே சான்றாக்கினர் அதிகாரிகள். ஆனால் புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னர்களும் கள்ளர் மரபினரே. அவர்களோடு ஆங்கிலேயர் நட்புறவு பேணினர். ஒரே பெயர் அங்கே அரியணையில் அமர்ந்தது. இங்கே காவல் நிலையத்தில் படுத்தது. குற்றம் பெயரில் இல்லை, அதை வாசித்தவர் கண்ணில் இருந்தது.

பிறர் துயரைத் தம் துயராக எண்ணியோரும் இருந்தனர். கேரளத்துக் கிறிஸ்தவரான வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் இம்மக்களுக்காக வாதாடினார். 'ரோசாப்பூ துரை' என்று மக்கள் அவரை அன்போடு அழைத்தனர். 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீக்கப்பட்டது. 1952 ஆகஸ்ட் 31 அன்று நாடு முழுவதும் அது முடிவுக்கு வந்தது. சட்டம் போன பின்பும் சொல்லின் நிழல் போகவில்லை. இம்மக்கள் 'சீர்மரபினர்' ஆயினர். அவர்கள் பிள்ளைகள் படித்த பள்ளிகள் 'கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள்' எனப்பட்டன. சீர்படுத்தப்பட வேண்டியது அம்மக்களா, அவர்களைப் பட்டியலிட்ட அரசா?

பட்டப்பெயர் சூட்டி இழிவுபடுத்துவதை 'அல்ஹுஜுராத்' அத்தியாயத்தின் 11ஆம் வசனம் தடுக்கிறது. தோழர் அபூதர் (ரலி) ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்துரைத்தபோது, அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் அவரிடம் இருப்பதாக நபிகள் நாயகம் (ஸல்) கண்டித்தார்கள். அத்தனை சிறந்த தோழருக்கே ஒரு சொல்லுக்காகக் கண்டிப்பு வந்ததென்றால், நம் நாவுக்கு எவ்வளவு காவல் வேண்டும்!

கடையிலும் வயலிலும் பேருந்திலும் நாம் அன்றாடம் பல சமூகத்தாரோடு பழகுகிறோம். யாரோ ஒருவர் செய்த பிழைக்காக 'அந்த ஆட்களே அப்படித்தான்' என்று சொல்வது எளிது. நம்மைக் குறித்து அவ்வாறு சொல்லப்படும்போது நாம் துடிக்கிறோம். 1871ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னதும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான். அது நம் பிள்ளைகளின் நாவில் படியாதிருக்கக் கற்பிப்பது நம் கடமை.

அல்லாஹ் நம் நாவுகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.