டெட்சுயாஸ்

டெட்சுயாஸ் என்பது ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 1989 முதல் 2024 வரை இயங்கிய உயர்தர உணவகம் ஆகும். ஜப்பானில் பிறந்த சமையற்கலைஞரான டெட்சுயா வகுடா இதனை நிறுவி நடத்தினார். ஜப்பானியச் சமையலின் பொருள் தேர்வையும் பிரெஞ்சுச் சமையலின் செய்முறைகளையும் இணைத்து, ஆஸ்திரேலியாவில் விளையும் பொருட்களைக் கொண்டு சமைத்தமை இதன் சிறப்பாகும். 'உலகின் சிறந்த 50 உணவகங்கள்' பட்டியலில் 2005 ஆம் ஆண்டில் இது நான்காம் இடத்தைப் பெற்றது.

பின்னணி

ஜப்பானியச் சமையலும் ஐரோப்பியச் சமையலும் ஒன்றையொன்று பாதித்த வரலாறு நீண்டது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மெய்ஜி காலத்தில், ஐரோப்பிய உணவுகள் ஜப்பானியச் சுவைக்கு ஏற்ப மாற்றப்பட்டு 'யோஷொக்கு' என்னும் தனி உணவு வகை உருவானது. ரொட்டித் தூளில் தோய்த்துப் பொரித்த இறைச்சியும் 'கொரொக்கே' என்னும் உருளைக்கிழங்கு உருண்டையும் இவ்வகையைச் சேர்ந்தவை. மறுபுறத்தில், 1970களில் பிரான்சில் பரவிய 'நூவல் குசீன்' என்னும் புதிய சமையல் இயக்கத்தைச் சேர்ந்த போல் போக்கூஸ் முதலியோர் ஜப்பானுக்குச் சென்று வந்தனர். சிறு அளவிலான பல உணவுகளை வரிசையாகப் பரிமாறும் ஜப்பானிய 'கைசெக்கி' விருந்து முறை, பிரெஞ்சு உயர்தர உணவகங்களிலும் செல்வாக்குப் பெற்றது.

எனினும் இரு சமையல்களின் அடிப்படைகள் வேறானவை. மரபான பிரெஞ்சுச் சமையல் வெண்ணெய், பாலாடை, நெடுநேரம் காய்ச்சிச் சுண்டவைத்த எலும்புச் சாறு ஆகியவற்றால் சுவையைக் கட்டியெழுப்புகிறது. ஜப்பானியச் சமையலோ கொன்பு என்னும் உலர்ந்த கடற்பாசியும் உலர்த்திய சூரை மீன் சீவலும் சேர்ந்த 'டாஷி' என்னும் தெளிந்த சாற்றை நம்புகிறது. இதில் கொழுப்பு மிகக் குறைவு. எனவே இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் ஒன்றின் சுவை மற்றொன்றை எளிதில் மறைத்துவிடும். இந்தச் சிக்கலை எவ்வாறு தீர்ப்பது என்பதே இவ்வகை உணவகங்கள் அனைத்தும் எதிர்கொள்ளும் கேள்வியாகும்.

நிறுவனர்

டெட்சுயா வகுடா 1959 ஆம் ஆண்டில் ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்திலுள்ள ஹமாமட்சு நகரில் பிறந்தார். 1982 இல், தமது 22 ஆவது வயதில், ஆங்கிலம் அதிகம் அறியாத நிலையில் சிட்னிக்கு வந்தார். ஐரோப்பியர் அல்லாதோரின் குடியேற்றத்தைத் தடுத்த 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கை 1901 இல் சட்டமாகி 1973 இல் முற்றாகக் கைவிடப்பட்டது. அது நீங்கிப் பத்து ஆண்டுகள் நிறையாத காலம் அது.

சரி ஹில்ஸ் பகுதியிலிருந்த 'பிஷ்வைவ்ஸ்' என்னும் உணவகத்தில் சமையற்கூட உதவியாளராக வகுடா முதலில் வேலைக்குச் சேர்ந்தார். 1983 இல் ஆஸ்திரேலியச் சமையற்கலைஞர் டோனி பில்சன், தமது 'கின்செலாஸ்' உணவகத்தில் சுஷி செய்வதற்காக அவரை அமர்த்தினார். முன்னர் ஈமச்சடங்கு இல்லமாக இருந்த கட்டடத்தில் இவ்வுணவகம் நடைபெற்றது. பிரெஞ்சுச் சமையலில் தேர்ந்தவரான பில்சனிடம் அதன் நுட்பங்களை வகுடா கற்றுக்கொண்டார். சமையற் கல்லூரியில் பயிலாத அவருக்கு இச்சமையற்கூடமே பள்ளியாக அமைந்தது.

வரலாறு

1989 இல் சிட்னியின் உள்மேற்குப் புறநகரான ரோசெல்லில், ஒரு சிறிய கடையில் டெட்சுயாஸ் தொடங்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் நகர மையத்திலுள்ள கென்ட் தெருவுக்கு இடம்பெயர்ந்தது. முன்னர் சன்டோரி என்னும் ஜப்பானிய உணவகம் இருந்த அவ்விடத்தில், உணவருந்துவோர் காணும்படி ஜப்பானியத் தோட்டம் ஒன்று அமைந்திருந்தது.

இங்கு உணவுகளைத் தனித்தனியே தெரிவு செய்யும் முறை இல்லை. ஏறத்தாழப் பத்துச் சிறு உணவுகள் கொண்ட 'டிகஸ்டேஷன்' எனப்படும் நிலையான வரிசையே அனைவருக்கும் பரிமாறப்பட்டது.

சமையல் முறை

இரு நாடுகளின் உணவுகளை அருகருகே வைப்பதை வகுடா தவிர்த்தார். வேகவைக்கும் முறையையும் உணவின் கட்டமைப்பையும் பிரான்சிலிருந்து எடுத்துக்கொண்டார். பொருளின் இயல்பான சுவை மாறாமல் காக்கும் நோக்கையும் சுவையூட்டும் பொருட்களையும் ஜப்பானிலிருந்து பெற்றார். வெண்ணெய்க்கும் பாலாடைக்கும் பதிலாகத் திராட்சை விதை எண்ணெய் போன்ற மென்மையான எண்ணெய்களைப் பயன்படுத்தினார். சோயா சாறு, மிரின் என்னும் இனிப்பான அரிசி மது, இஞ்சி ஆகியன அவருடைய குழம்புகளில் இடம்பெற்றன.

புகழ்பெற்ற உணவு

டாஸ்மேனியக் கடல் டிரவுட் மீனைக் கொண்டு செய்யப்படும் 'கான்ஃபி' இவ்வுணவகத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. கான்ஃபி என்பது இறைச்சியைக் கொழுப்பில் மூழ்கச் செய்து குறைந்த வெப்பத்தில் நெடுநேரம் வேகவைக்கும் பழைய பிரெஞ்சு முறையாகும். வாத்துக் கால்களைக் கெடாமல் பாதுகாக்க இது பயன்பட்டது. வகுடா இம்முறையை மீனுக்கு ஏற்ப மாற்றினார்.

மீன் துண்டுகள் முதலில் திராட்சை விதை எண்ணெய், ஒலிவ எண்ணெய், பூண்டு, மூலிகைகள் ஆகியவற்றில் ஊறவைக்கப்படும். பின்னர் நறுக்கிய செலரித் தண்டுகளின் மேல் வைக்கப்பட்டு, அடுப்பின் மிகக் குறைந்த சூட்டில் சில நிமிடங்கள் மட்டும் வேகவைக்கப்படும். மீனின் ஆரஞ்சு நிறம் மாறிவிட்டால் அது பதம் தவறியதாகக் கொள்ளப்படும். அதன் புறப்பரப்பில் பொடியாக நறுக்கிய கொன்பும், சைவ்ஸ் என்னும் மெல்லிய வெங்காயத் தாளும், கடல் உப்பும் பூசப்படும். பெருஞ்சீரகக் கிழங்குச் சீவல், பார்ஸ்லி எண்ணெய், மீன் சினை ஆகியவற்றுடன் பரிமாறப்படும்.

இதன் சுவைக்கான காரணம் கொன்புவில் உள்ளது. ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா 1908 இல் கொன்புவிலிருந்தே குளுட்டாமிக் அமிலத்தைப் பிரித்து, அதன் சுவைக்கு 'உமாமி' எனப் பெயரிட்டார். சுண்டவைத்த எலும்புச் சாறு பிரெஞ்சு உணவுக்குத் தரும் ஆழத்தை, இங்கு ஒரு கடற்பாசி கொழுப்பின்றித் தருகிறது. உலகில் மிக அதிகமாக ஒளிப்படம் எடுக்கப்பட்ட உணவு என ஊடகங்கள் இதனை வருணித்தது உண்டு. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த வகுடாவின் நூலில் இதன் செய்முறை இடம்பெற்றுள்ளது.

இம்மீன் மேற்கு டாஸ்மேனியாவின் மக்குவாரி துறைமுக நீர்ப்பரப்பில் வளர்க்கப்படுவது. பிற்காலத்தில் அந்நீரில் கரைந்துள்ள ஆக்சிசன் குறைந்தது. அங்கு வாழும் அழியும் நிலையிலுள்ள மோஜியன் திருக்கையைக் காப்பது தொடர்பில் மீன் பண்ணைகள் கடும் விவாதத்துக்கு உள்ளாயின.

மதிப்பீடுகள்

'உலகின் சிறந்த 50 உணவகங்கள்' பட்டியலில் இவ்வுணவகம் 2005 இல் 4 ஆம் இடத்தையும், 2006, 2007 ஆகிய ஆண்டுகளில் 5 ஆம் இடத்தையும், 2008 இல் 9 ஆம் இடத்தையும் பெற்றது. மிஷெலின் வழிகாட்டி ஆஸ்திரேலியாவுக்கு வெளியிடப்படாததால் இதற்கு மிஷெலின் விண்மீன்கள் வழங்கப்படவில்லை. அந்நாட்டில் 'குட் ஃபூட் கைடு' என்னும் வழிகாட்டி வழங்கும் 'தொப்பி'களே அளவுகோலாக உள்ளன. அதன் மிக உயர்ந்த தரமான மூன்று தொப்பிகளை டெட்சுயாஸ் நீண்ட காலம் தக்கவைத்திருந்தது; பின்னர் இவை இரண்டாகக் குறைந்தன. இதன் உணவு வரிசை காலத்துக்கேற்ப மாறவில்லை என்பது விமர்சகர் சிலரின் கருத்து. ஆனால் டிரவுட் கான்ஃபிக்காகவே வருவோர் பலர் இருந்தமையால் அதனை நீக்குவதும் எளிதாக இருக்கவில்லை.

தாக்கம்

இங்கு தலைமைச் சமையற்காரராக இருந்த மார்ட்டின் பென், 2009 இல் சிட்னியில் 'செப்பியா' என்னும் உணவகத்தைத் தொடங்கினார். ஜப்பானிய, ஐரோப்பிய முறைகளை இணைத்த அவ்வுணவகம் 2018 இல் மூடப்பட்டது. 2014 இல் தொடங்கப்பட்ட 'லூமி' உணவகம் இத்தாலியச் சமையலுடன் ஜப்பானியச் சமையலை இணைத்தது.

வகுடா 2010 இல் சிங்கப்பூரின் மெரீனா பே சாண்ட்ஸ் வளாகத்தில் 'வாக்கு கின்' உணவகத்தைத் திறந்தார். சிங்கப்பூருக்கான 2017 ஆம் ஆண்டு மிஷெலின் வழிகாட்டியில் அதற்கு இரண்டு விண்மீன்கள் அளிக்கப்பட்டன.

மூடல்

கென்ட் தெருவிலிருந்த இடம் மறுகட்டுமானத்துக்கு உட்படவிருந்த நிலையில், 2024 சூலை 31 அன்று டெட்சுயாஸ் மூடப்பட்டது. இருவேறு உணவகங்களாக அல்லாமல் ஒரே சமையலாக ஜப்பானும் பிரான்சும் இணைய முடியும் என்பதை 35 ஆண்டுகள் இது காட்டியது. ஆங்கிலம் அதிகம் அறியாமல் வந்த ஒருவரின் சமையல், அவர் குடியேறிய நாட்டின் உணவாகவே வெளிநாட்டவரால் அறியப்பட்டது.

இவற்றையும் பார்க்க

கைசெக்கி
நூவல் குசீன்
உமாமி
யோஷொக்கு