மாசக்கணக்கில் பைக்கை எடுக்க மாட்டீங்களா? நிறுத்தும் முன் இதைச் செய்யுங்க!

வெளியூர் வேலை, வெளிநாட்டுப் பயணம் என 2, 3 மாதம் பைக்கை வீட்டிலேயே நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் நிறைய பேர். திரும்பி வந்து செல்ஃப் அடித்தால் சத்தமே வராது. இதைத் தவிர்க்க என்ன செய்யணும்?

பேட்டரி: வண்டி ஆஃப்பில் இருந்தாலும் கடிகாரம், அலாரம் போன்றவை கொஞ்சம் கொஞ்சமா சார்ஜை இழுக்கும். பேட்டரியைக் கழற்றிடுங்க. முதலில் நெகட்டிவ் வயர், அப்புறம் பாசிட்டிவ். மாட்டும்போது தலைகீழ்.

பெட்ரோல்: டேங்கில் காலி இடம் இருந்தால், அங்குள்ள காற்றின் ஈரத்தால் இரும்பு டேங்க் உள்ளே துருப்பிடிக்கலாம். அதனால் ஃபுல் பண்ணுங்க. கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் டேப்பை மூடி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்க.

டயர், செயின்: காற்றைச் சரியாக நிரப்பி, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்க. வண்டியைக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு செயினுக்கு லூப் அடிங்க.

கவர்: பிளாஸ்டிக் ஷீட்டால் மூடினால் உள்ளே ஈரம் தங்கும். காற்று போகும் துணிக் கவரே நல்லது.

"வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி வை" என்று வீட்டில் சொல்லிட்டுப் போறீங்களா? 2 நிமிஷம் ஓடினால் எஞ்சின் முழுசா சூடாகாது. சைலன்சரில் தண்ணீர் தேங்கும். ஸ்டார்ட் செய்யச் செலவான சார்ஜும் பேட்டரிக்குத் திரும்பாது.

இன்னொன்று, இன்சூரன்ஸ் தேதியைப் பாருங்க. காலாவதியாகி 90 நாள் தாண்டினால், கிளைம் செய்யாததற்காகச் சேர்ந்த போனஸ் தள்ளுபடி போயிடும்.

திரும்பி வந்ததும் டயர் காற்று, பிரேக் இரண்டையும் பார்த்துட்டு, அப்புறம் ரோட்டுக்கு எடுங்க.